கிலோக்கணக்கு மட்டும் போதாது, ஆசிரியரே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொட்டாஞ்சேனையில் சின்னதாக ஒரு பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன் 31 வருடம் துறைமுகத்தில் வாஃப் கிளார்க்காக வேலை பார்த்தேன். உங்கள் பத்திரிகைக் கட்டு காலை ஆறரைக்கெல்லாம் கடைக்கு வந்துவிடும். முதல் பிரதியை நான் படித்த பிறகுதான் மற்றவற்றை வெளியே தொங்கவிடுவேன்.

சென்ற வாரம் முதல் பக்கத்தில் ஒரு படம் போட்டிருந்தீர்கள். மேசை நிறைய அடுக்கிய போதைப்பொருள் பொதிகள், பின்னால் வரிசையாக அதிகாரிகள், கீழே எத்தனை கிலோ, எத்தனை கோடி ரூபா என்று கொட்டை எழுத்தில். இப்படி ஒரு படம் அடிக்கடி வருகிறது. நடுக்கடலில் உயிரைக் கொடுத்துப் பிடிக்கிறார்கள், அவர்களைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்தப் படம் வந்த அன்று மாலையும் எங்கள் ஒழுங்கையில் பொட்டலம் கிடைத்தது. விலையும் ஏறவில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். என் தங்கையின் மகன் அதை வாங்கிக்கொண்டிருந்தவன். இன்னும் அவனைத் தெரிந்தவர்கள் கடைக்கு வந்து போகிறார்கள்.

அவனுக்கு 26 வயது. புறக்கோட்டையில் ஒரு புடைவைக் கடையில் நின்றான். தீபாவளி, நத்தார் நெருங்கும் நாட்களில் விடிய விடிய பேல் பிரிக்கிற வேலை. "ஒரு இழுப்பு இழுத்துப் பார், தூக்கமும் வராது, களைப்பும் தெரியாது" என்று கூட நின்றவன் ஒருவன் ஐஸ் என்கிற மெத்தம்பெட்டமைனைக் கொடுத்திருக்கிறான். வேலைவெட்டி இல்லாத பையன்கள்தான் இதில் விழுவார்கள் என்று நம்பிக்கொண்டிருக்கும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். இவன் வேலை செய்வதற்காக எடுத்தவன். பிறகு இரண்டு நாள், மூன்று நாள் என்று கண் மூடாமல் கிடந்து, தூங்குவதற்காகத் தூளை, அதாவது ஹெரோயினைத் தொட்டான். ஐஸ் ஏற்றிவிட்டதைத் தூள் கொண்டு இறக்குவது. அப்புறம் இரண்டும் இல்லாமல் முடியாது என்றாகிவிட்டது.

நான் முதலில் கவனித்தது அவன் சாப்பாட்டை. கடைக்கு வந்தால் மாலுபான் இரண்டும் ஒரு பிளேன்டீயும் கேட்கிறவன், டொபி மட்டும் வாங்கத் தொடங்கினான். கன்னம் ஒட்டிப்போனது. அப்புறம் இன்னொன்று. எங்களைப் போன்ற கடைகளில் சிகரெட்டைச் சில்லறையாக விற்பதால் வெறும் பெட்டிகள் மிஞ்சும். "வெறும் பெட்டி இருந்தால் தாங்க மாமா" என்று கேட்பான். எடுத்துக் கொடுப்பேன். எதற்கு என்று ஒரு நாளும் கேட்கவில்லை. அதற்குள் இருக்கும் வெள்ளித்தாளின் மேல் தூளைப் போட்டு, அடியில் லைட்டரைக் காட்டி, எழும் புகையைக் குழாயால் இழுக்கிறார்கள் என்பது எனக்கு ஒரு வருடம் கழித்துத்தான் தெரியும்.

இதைவிட என்னை உலுக்கியது பணம் அனுப்பும் விஷயம். கடையில் ரீலோட் போடுவோம், தொலைபேசி இலக்கத்துக்குக் காசும் அனுப்பிக் கொடுப்போம். பையன்கள் வந்து ஆயிரம், ஆயிரத்தைந்நூறு என்று ஏதாவது ஒரு இலக்கத்துக்குப் போடச் சொல்வார்கள். ஒரே பையன் ஒரே நாளில் இரண்டு தரம் வருவான். இலக்கம் வாரத்துக்கு வாரம் மாறும். காசு போனதும் வீட்டுக்குப் போகாமல் வாசலிலேயே போனைப் பார்த்தபடி நிற்பார்கள். காதல் கீதல் என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் என் மருமகன் போனை மேசையில் வைத்துவிட்டு, கீழே விழுந்த சில்லறையை எடுக்கக் குனிந்தான். அந்த நேரம் பார்த்து ஒரு படம் வந்தது. எங்கள் ஒழுங்கை முனையில் நிற்கும் மின்கம்பம். அடியில் இரண்டு செங்கல், நடுவில் கசங்கிய ஒரு டொபித்தாள். டொபித்தாளைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் விளங்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்த பிறகு விளங்கியது. காசை வாங்கியவன் யார் என்று அவனுக்குத் தெரியாது. பொட்டலத்தைக் கொண்டுவந்து வைத்தவன் யார் என்றும் தெரியாது. நடத்துகிறவன் வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கலாம். ஆளுக்கு ஆள் முகம் பார்க்காமல் நடக்கும் வியாபாரத்தில் என் கடை மேசையும் ஒரு கண்ணியாக இருந்திருக்கிறது. மறுநாளே "பணம் அனுப்பப்படும்" என்ற பலகையைக் கழற்றிவிட்டேன். அதுவரை என் கையால் அனுப்பிய காசு எங்கெங்கே போயிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

துறைமுகத்தில் இருந்தவன் என்பதால் அந்தப் பக்கத்தையும் கொஞ்சம் சொல்கிறேன். கொள்கலன் ஒன்று வந்தால் முதலில் பார்ப்பது கதவில் உள்ள சீல் இலக்கத்தை. தாளில் இருக்கும் இலக்கமும் அதுவும் ஒன்றா என்று ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்து வாசிப்போம். இரண்டும் ஒத்துப்போனால் சரக்கு சுத்தம் என்று ஆகிவிடாது. தென் அமெரிக்கத் துறைமுகங்களில் கதவைத் திறந்து உள்ளே இரண்டு பைகளைப் போட்டுவிட்டு, அதே இலக்கம் அடித்த போலி சீலை மாட்டி அனுப்புவது பழைய வித்தை. வழியில் எங்காவது அவர்களுடைய ஆள் திறந்து பைகளை எடுத்துக்கொள்வான். சரக்கின் சொந்தக்காரருக்கு ஒன்றும் தெரியாது. எடுக்கத் தவறினால் பை கடைசி இடம்வரை வந்து சேரும். 2017இல் இரத்மலானையில் சீனிக் கொள்கலனுக்குள் 218 கிலோ கொக்கேய்ன் கிடைத்தது என்று வாசித்தபோது, எங்களைப் போன்ற பழைய ஆட்களுக்கு முதலில் நினைவுக்கு வந்தது இந்த வித்தைதான். அதற்கு முந்திய டிசம்பரில் துறைமுகத்திலேயே 800 கிலோ பிடிபட்டது. ஈக்வடோரிலிருந்து வந்து இந்தியாவுக்குப் போகவிருந்தது அது. கொழும்பு அதற்கு வெறும் வழிதான். 2024இல் கொழும்பு கையாண்ட கொள்கலன்கள் இருபது அடிக் கணக்கில் 77 இலட்சத்தைத் தாண்டியவை. பெரும்பகுதி இங்கே இறங்கி இன்னொரு கப்பலில் ஏறிப் போகிறவை. உலகம் முழுக்க ஓடும் கொள்கலன்களில் சோதிக்கப்படுவது நூற்றுக்கு இரண்டுகூட இல்லை என்று ஐ.நா.வே சொல்கிறது. அத்தனையையும் திறந்து பார்ப்பதென்றால் துறைமுகம் இயங்காது. இது யாரையும் குறை சொல்வதற்காக எழுதுவதல்ல, அந்த வேலையின் அளவு அப்படி.

எங்கள் ஒழுங்கைக்கு வரும் சரக்கு வேறு வழியில் வருகிறது. ஈரானும் பாகிஸ்தானும் அரபிக்கடலைத் தொடுகிற மக்ரான் கரையிலிருந்து மரக்கலங்களில் ஏறி, நடுக்கடலில் எங்கள் பலநாள் மீன்பிடிப் படகுகளுக்கு மாறி, தெற்குக் கரையில் இறங்குகிறது. கேரளக் கஞ்சா வடக்குக் கடலால் வருகிறது. இதெல்லாம் உங்கள் பத்திரிகையிலேயே படித்ததுதான்.

படிக்காத ஒன்றை என் மகள் சொன்னாள். ஐ.நா.வின் போதைப்பொருள் அலுவலகம் ஒவ்வொரு வருடமும் ஜூன் 26ஐ ஒட்டி ஓர் உலக அறிக்கை வெளியிடும். 2025ஆம் ஆண்டு அறிக்கையைக் கணினியில் திறந்துவைத்து, இரண்டு இரவு உட்கார்ந்து எனக்குத் தமிழில் சொன்னாள். 2023இல் உலகில் 31 கோடியே 60 இலட்சம் பேர் ஏதோ ஒரு போதைப்பொருளைப் பாவித்திருக்கிறார்கள். 15 முதல் 64 வயதுவரை உள்ளவர்களில் நூற்றுக்கு ஆறு பேர். சரி, அது பெரிய எண், தலைக்குள் நிற்காது. கொக்கேய்ன் கணக்கு நின்றது. 2023இல் உற்பத்தி 3,708 தொன், அதற்கு முந்திய ஆண்டைவிட மூன்றிலொரு பங்கு அதிகம். அதே வருடம் பிடிபட்டதும் என்றுமில்லாத அளவு, 2,275 தொன். பாவிக்கிறவர்கள் பத்து வருடத்தில் 1 கோடியே 70 இலட்சத்திலிருந்து 2 கோடியே 50 இலட்சமாகிவிட்டார்கள். பிடிபட்டதில் கலப்படமும் இருக்கும், ஆகவே ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து மிச்சம் இவ்வளவு என்று சொல்ல முடியாது. ஆனாலும் மூன்று கணக்கும் ஒன்றாகவே ஏறியிருக்கின்றன. கடைக்காரனுக்கு இது புரியும். தம்புள்ளையிலிருந்து தக்காளிப் பெட்டி எடுக்கும்போது நசுங்கப்போவதையும் சேர்த்துத்தான் கூடுதலாக எடுப்போம். அவர்களும் பிடிபடப்போவதையும் சேர்த்துத்தான் அனுப்புகிறார்கள்.

தூள் கணக்கு இன்னும் யோசிக்க வைத்தது. தூள் செய்வது அபினிலிருந்து. 2022 ஏப்ரலில் தலிபான் அபின் பயிருக்குத் தடை போட்டார்கள். அடுத்த வருடம் ஆப்கானிஸ்தானில் பயிரிட்ட நிலம் 2,33,000 ஹெக்டயரிலிருந்து 10,800 ஹெக்டயருக்கு இறங்கிவிட்டது. நூற்றுக்கு 95 பங்கு போய்விட்டது. உலகத்தில் எந்தப் பொலிஸும் செய்யாத காரியம். அபினை நம்பியிருந்த ஏழை விவசாயி அங்கே வெறும் வயிற்றோடு நிற்கிறான். அப்படியும் கொட்டாஞ்சேனையில் தூள் நின்றதா? நிற்கவில்லை. முந்திய வருடங்களில் சேர்த்துவைத்த இருப்பு இருந்தது. 2023இலேயே அபின் உற்பத்தியில் மியன்மார் முதலிடத்துக்கு வந்துவிட்டது. அதைவிட முக்கியம், ஐஸுக்கு வயலே தேவையில்லை. மழை வேண்டாம், அறுவடைக் காலம் வேண்டாம். இரசாயனமும் ஒரு கொட்டகையும் போதும். மியன்மாரின் ஷான் மாநிலம்தான் இப்போது அதற்குப் பெயர் போன இடம். கிழக்கு, தென்கிழக்கு ஆசியாவில் மட்டும் 2024இல் பிடிபட்டது 236 தொன். 2025 செப்டம்பரில் மித்தெனியவில் புதைத்துவைத்திருந்த இரசாயனம் பற்றிய செய்தியை நீங்களும் போட்டீர்கள். இங்கேயே சமைக்கத் தொடங்கிவிட்டால் கடலில் எதைப் பிடிப்பது?

சட்டம் கடுமையாகத்தான் இருக்கிறது. 2 கிராம் ஹெரோயினுக்கு 1984இலிருந்தும், 5 கிராம் ஐஸுக்கு 2022இலிருந்தும் மரண தண்டனை வரை போகலாம். 1976க்குப் பிறகு இந்த நாட்டில் யாரையும் தூக்கிலிடவில்லை, இடவும் வேண்டாம் என்பது என் கருத்து. பெரிய வியாபாரியைப் பிடித்து உள்ளே போடட்டும், அவன் காணி, வாகனம் எல்லாவற்றையும் பறிக்கட்டும். ஆனால் சிறைகளில் இருப்பவர்களில் பாதிக்கும் மேல் போதைப்பொருள் வழக்குக்காரர்கள், அவர்களில் என் மருமகனைப் போன்றவர்கள் எத்தனை பேர்?

அவனையும் பிடித்தார்கள். சட்டைப் பையில் ஒரு பொட்டலம். பதினான்கு நாள் விளக்கமறியல். உள்ளே கொட்டாவி, மூக்கில் நீர், கால் நரம்பு சுண்டி இழுத்து இரவெல்லாம் சுவரில் முட்டிக்கொண்டானாம். அதைத் தாண்டிவிட்டான். வெளியே வந்த அன்று தங்கை கோழிக்கறி சமைத்தாள், நாங்கள் எல்லோரும் தப்பிவிட்டான் என்று நினைத்தோம். நான்காம் நாள் மாலை குளியலறைக் கதவை உடைத்துத் திறந்தோம். உதடு நீலம். மூச்சு, ஒன்று வந்து அடுத்தது வர நேரமெடுத்தது. த்ரீவீலில் என் மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள். அங்கிருந்த இளம் டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னதை எல்லாத் தாய்மாரும் தெரிந்துகொள்ள வேண்டும். கொஞ்ச நாள் விட்டிருந்தாலே உடம்பு பழக்கத்தை இழந்துவிடும். முன்பு எடுத்த அதே அளவை எடுத்தால் அது உயிரை எடுக்கும். உள்ளே போய் வந்தவனுக்கு முதல் இரண்டு வாரம்தான் மிகவும் ஆபத்து. எங்களுக்கு இதை அதற்கு முன் யாருமே சொல்லவில்லை.

அப்புறம் சிகிச்சைக்கு அழைத்துப் போனேன். எந்த இடம் என்று எழுத விரும்பவில்லை, அங்கிருந்தவர்கள் நல்லவர்கள். படிவம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது, நான் நிரப்பினேன். ஆலோசகர் சிங்களவர், பொறுமையான மனிதர், மேசையில் ஃபைல் கட்டு அவர் நெஞ்சுயரம் இருந்தது. என் மருமகனுக்குச் சிங்களம் நன்றாக வரும். புறக்கோட்டையில் வளர்ந்தவனுக்கு வராமல் இருக்குமா? விலை பேச வரும், சண்டை பிடிக்க வரும், பகிடி விட வரும். "எப்போதிலிருந்து மனம் சரியில்லை?" என்று ஆலோசகர் கேட்டார். அவன் தகப்பன் இறந்த இரவில் என்ன நடந்தது என்று அவனுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. வாயைத் திறந்தான், மூடினான். "ஒண்டுமில்லை சேர்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தான். அடுத்த முறை நான் பக்கத்தில் இருந்து மொழிபெயர்த்தேன். தாய்மாமன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது எந்தப் பையன் மனதைத் திறப்பான்? மூன்று தரம் போனான். நான்காம் தரம் பஸ்ஸை விட்டு இறங்கவே இல்லை.

இந்த இடத்தில்தான் உலகக் கணக்கும் எங்கள் வீட்டுக் கணக்கும் ஒன்றாகச் சேர்கின்றன. ஹெரோயினுக்கு மருந்து இருக்கிறது. மெதடோன், புப்ரெனோர்ஃபின் இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2005இலேயே அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஐஸுக்கு அப்படி ஒரு மருந்து இன்னும் இல்லை. வாரக்கணக்கில் கூட உட்கார்ந்து பேசி, சின்னச் சின்னதாக வாழ்க்கையைத் திரும்பக் கட்டுவதுதான் வழி. வயலில் விளைந்த போதையிலிருந்து கொட்டகையில் சமைத்த போதைக்கு உலகம் நகர்ந்துகொண்டிருக்கிறது என்றால், பேச்சுச் சிகிச்சையின் தேவைதான் ஏறிக்கொண்டு போகிறது. பேச்சு என்றால் மொழி வேண்டும். கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, கிராண்ட்பாஸ், வெள்ளவத்தை என்று இவ்வளவு தமிழ் பேசும் மக்கள் வாழும் நகரத்தில், ஒரு பையன் தமிழில் அழுவதற்கு நான் ஐந்து வாரம் அலைந்தேன். கடைசியில் கிடைத்தவர் ஒரு பெண் ஆலோசகர், வாரத்தில் ஒரு நாள் மட்டும் வருகிறவர். முதல் நாள் அவன் முக்கால் மணி நேரம் உள்ளே இருந்தான். என்ன பேசினான் என்று நான் கேட்கவில்லை. வெளியே வந்து, "பசிக்குது மாமா" என்றான்.

போதைப் பழக்கத்தால் நோயாளியானவர்களில் உலகம் முழுக்கப் பன்னிரண்டு பேரில் ஒருவருக்குத்தான் சிகிச்சை கிடைக்கிறது என்று அந்த அறிக்கை சொல்கிறது. என் மருமகன் இப்போது அந்த ஒருவன். கடையில் அரிசி மூட்டை இறக்குகிறான். இன்றோடு 41 நாள். கலண்டரில் நான் குறிக்கிறேன், அவன் பார்க்காதது போல் பார்க்கிறான். நாளை என்னவென்று எனக்குத் தெரியாது. டாக்டரும் விழுந்தால் பயப்படாமல் திரும்பக் கூட்டிவாருங்கள் என்றுதான் சொல்லியிருக்கிறார்.

ஆசிரியர் அவர்களே, போதைப்பொருள் வேட்டைக்கு 2023 டிசம்பரில் "யுக்திய" என்றார்கள், 2025 அக்டோபரில் "முழு நாடுமே ஒன்றாக" என்றார்கள். ஒவ்வொன்றையும் நீங்கள் கிலோவாலும், கைதானவர் தொகையாலும் அளந்து எழுதினீர்கள். இனி பொதிகளின் படம் போடும் நாளில், அதற்குப் பக்கத்திலேயே இதையும் கேட்டு எழுதுங்கள். அந்த மாதம் கொழும்பில் சிகிச்சை கேட்டு வந்தவர்கள் எத்தனை பேர்? எத்தனை நாள் காத்திருந்தார்கள்? அவர்களில் எத்தனை பேரிடம் அவர்கள் மொழியில் பேசினார்கள்? பதில் தரவில்லை என்றால், தரவில்லை என்றே போடுங்கள். விளக்கமறியலிலிருந்து வருகிறவனின் வீட்டாருக்கு அந்த இரண்டு வார ஆபத்தைப் பற்றித் தமிழில் ஒரு துண்டுத்தாள் கொடுக்கும்படி எழுதுங்கள். ஒரு பக்கம் போதும், அச்சடிக்கப் பெரிய செலவில்லை. கோடிப் பெறுமதியை விட்டுவிட்டால்கூட நல்லது. பதினாறு வயதுப் பையன் அந்தக் கோடியைத்தான் முதலில் வாசிக்கிறான், என் கடை வாசலில் நின்று அவர்கள் வாய்விட்டு வாசிப்பதை நான் கேட்டிருக்கிறேன்.

இன்னும் ஒன்று, அதிகம் இடம் பிடிக்காது. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபைக்கு 1927 என்ற இலக்கம் இருக்கிறது. உங்கள் நிருபர் ஒருவர் அந்த இலக்கத்தை எடுத்துத் தமிழிலேயே பேசிப் பார்க்கட்டும். கொழும்பில் தமிழ் பேசும் ஆலோசகர் எந்த இடத்தில், எந்தக் கிழமையில், எத்தனை மணிக்கு இருக்கிறார் என்பதை விசாரித்து வாரம் ஒரு முறை ஒரு சின்னப் பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். நான் அதை வெட்டி, "பணம் அனுப்பப்படும்" பலகை இருந்த இடத்தில் ஒட்டுவேன். பலகையைக் கழற்றியதிலிருந்து அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வாஃப் கிளார்க் ஒருவர்,
கொழும்பு 13.

(பையனுக்காக என் பெயரையும் விலாசத்தையும் தனித்தாளில் உங்கள் பார்வைக்கு மட்டும் இணைத்திருக்கிறேன்.)